ஆபாசப் படமா, வதைப் படமா?

‘குழந்தைகள் ஆபாசப் படம் வைத்திருந்தவர் கைது’ என்ற தலைப்பு நாளிதழ்களில் ஓய்வதே இல்லை. ‘சைல்டு போர்னோகிராபி’ என்று எந்த நீதிமன்றமும் உத்தரவில் எழுதக் கூடாது என 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்துக்குள் 2019 திருத்தத்தில் நுழைந்த அந்தச் சொல்லை மாற்றும்படி நாடாளுமன்றத்துக்கும் யோசனை சொன்னது. வழக்கே சென்னையிலிருந்து போனதுதான்.

‘ஆபாசம்’ வடசொல். அங்கே அதற்குப் போலித் தோற்றம் என்று பொருள். காரணம்போலத் தோன்றும் போலிக் காரணத்தைத் தருக்கத்தில் ஹேத்வாபாசம் என்பார்கள். தமிழில் அது அருவருப்பு, கொச்சை என்றாகிவிட்டது. போர்னோகிராபியின் கிரேக்க வேர், விலைமகளிரைப் பற்றிய எழுத்து. இரண்டுமே பார்ப்பவரின் கூச்சத்தைப் பேசுகின்றன. படத்துக்குள் இருக்கும் பிள்ளைக்கு நடந்ததைப் பேசவில்லை.

சரி, நீதிமன்றம் தந்த மாற்றுச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுகிறார்கள்? ‘குழந்தைகள் பாலியல் சுரண்டல் மற்றும் துஷ்பிரயோகப் பொருள்’. மூச்சு வாங்குகிறது. அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யலாம். அதற்கு முறையான பயன்பாடு ஒன்று உண்டு. குழந்தையை முறையாகப் ‘பிரயோகிப்பது’ எப்படி ஐயா? ஆங்கில ‘அப்யூஸ்’ வேரும் அதுதானே என்பார்கள். அங்கே வேர் மங்கிவிட்டது. இங்கே ‘பிரயோகம்’ பளிச்சென்று தெரிகிறது. இலங்கையில் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’ அரசு வழக்காகவே ஊன்றிவிட்டது, அதை இனி அசைக்க முடியாது. இங்கேயும் ஏன் நட வேண்டும்? ‘பொருள்’ வேறு, கடைச்சரக்கு மாதிரி.

‘வன்கொடுமை’ பரவாயில்லை. ஆனால் ஆசை காட்டி, நைச்சியமாகப் பேசி எடுத்த படத்தில் ‘வன்’ எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார்.

‘சிறார் பாலியல் வதைப் படம்’ என்பதே என் தேர்வு. 18 வயதுக்கு உட்பட்ட எல்லாரும் சட்டத்தின் கண்ணில் குழந்தை. பதினேழு வயதுப் பையனுக்கும் ‘சிறார்’ உறுத்தாது. புகைப்படம், காணொளி, கணினியில் செய்தது எல்லாமே தமிழில் ‘படம்’தான்.

‘பாலியல் தொல்லை’யைப் பற்றியும் சொல்லாமல் விட மனமில்லை. போக்சோவின் 3, 7, 11ஆம் பிரிவுகள் ஊடுருவும் பாலியல் தாக்குதல், பாலியல் தாக்குதல், பாலியல் தொல்லை என மூன்று வெவ்வேறு குற்றங்களைச் சொல்கின்றன. தொல்லை என்பது 11க்கு மட்டும் பொருந்தும். நாளிதழ்களிலோ மூன்றும் தொல்லைதான்.