தொண்டூழியம்: சொல்லும் அதன் பயனை அளப்பதும்

தமிழகத்தார் ‘தன்னார்வலர்’ என்று சொல்பவரை, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நாம் ‘தொண்டூழியர்’ என்கிறோம். பேச்சில் ‘வாலண்டியர் பண்றேன்’ என்று சொல்பவர்கூட எழுதும்போது தொண்டூழியத்துக்கு வந்துவிடுவார்.

வாலண்டியர் என்பதன் வேர் விருப்பத்தைக் குறிக்கும் ‘வோலுண்டாஸ்’ என்ற இலத்தீன் சொல். ஆங்கிலத்தில் முதலில் அது தாமாகவே முன்வந்து படையில் சேர்ந்தவரைக் குறித்தது. அந்த வகையில் பார்த்தால் தன்னார்வலர்தான் நேர் ஈடு.

தொண்டூழியம் வேறு வழியில் வந்த சொல். தொண்டர் என்றால் அடியார். பெரியபுராணத்தின் இயற்பெயரே திருத்தொண்டர் புராணம்தான். அதில் வரும் அப்பர் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குகிறார். பக்தியும் உடலுழைப்பும் அங்கே ஒன்றாக நிற்கின்றன. ஊழியமோ வெறும் பணி. ஒரு காலத்தில் திருவிதாங்கூரில் கூலியில்லாத கட்டாய வேலைக்கே ஊழியம் என்று பெயர். அந்தக் கசப்பான சொல்லும் தொண்டோடு சேரும்போது விரும்பிச் செய்யும் உழைப்பாகிவிடுகிறது. ஆர்வம் இருந்தால் மட்டும் போதாது, வேலையும் நடக்க வேண்டும் என்று சொல்வதால் எனக்கு இதுவே உகந்த சொல்.

இந்தச் சொல்லின் இரு பாதிகளில் எளிதாக அளக்கப்படுவது ஊழியம். 1997இல் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் சமூக ஈடுபாட்டுத் திட்டம் வந்தபோது மாணவருக்கு ஆண்டுக்கு ஆறு மணி நேரம் என்று வரையறுத்தார்கள். அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டுக் கையேடும் மணி நேரத்தைக் கணக்கிட்டு, அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன சம்பளம் ஆகும் என்று பார்க்கச் சொல்கிறது. சிங்கப்பூரின் தேசிய ஆய்வில் தொண்டூழியம் செய்தோர் விகிதம் 2018இல் 29 விழுக்காடு, கிருமித்தொற்றுக் காலமான 2021இல் 22, 2023இல் 30. இவை தேவையான கணக்குகள். ஆனால் யாருக்கு என்ன நன்மை கிடைத்தது என்பது இவற்றில் தெரியாது.

வாரந்தோறும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தரும் தொண்டூழியரை எடுத்துக்கொள்வோம். படிவத்தில் தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கையெழுத்து. எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத் தடுமாறிய பிள்ளை ஒருநாள் விரலை எடுத்துவிட்டு முழு வரியையும் வாசிக்கிறதே, அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. இருக்க வேண்டும். தொடக்கத்தில் எத்தனை சொல் வாசித்தது, ஆறு மாதம் கழித்து எத்தனை என்று குறித்தாலே போதும். பெற்றோரையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

செய்பவர் அடையும் பயனை அளப்பது இன்னும் கடினம். தொண்டூழியம் செய்யும் முதியோர் நீண்ட நாள் வாழ்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நடமாட்டமும் தெம்பும் உள்ளவர்தானே முதலில் வெளியே வருகிறார்? எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது எளிதல்ல. 2012இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு நோக்கத்தையும் கேட்டது: பிறர் நலம் கருதிச் செய்தவரிடம் அந்த ஆயுள் நன்மை தெரிந்தது, தம் நலத்துக்காகச் செய்தவர் செய்யாதவரைப் போலவே இருந்தார்கள்.

வழக்கில் ஒரு குறிப்பு: சம்பளம் பெறுபவர் ஊழியர், பெறாதவர் தொண்டூழியர். ‘தொண்டூழிய நேரம்’ என்பதையும் ‘தொண்டூழியப் பயன்’ என்பதையும் அறிக்கைகளில் தனித்தனியாகவே எழுத வேண்டும்.