வேரோடு விழுந்த பல்லைப் பாலில் போடுங்கள்

ஓடிய வேகத்தில் பையன் குப்புற விழுகிறான். மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் கிடக்கிறது. யாரோ ஒருவர் அதை எடுத்து, குழாயடியில் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காகிதத்தில் மடித்துத் தருகிறார். அக்கறையோடு செய்த இந்த மூன்றும்தான் பல்லுக்கு எமன்.

காப்பாற்ற வேண்டியது பல்லை மட்டுமல்ல, அதன் வேரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வையும்தான். சுவரில் அடித்த ஆணி மாதிரி பல் எலும்பில் நேராக இறுகி நிற்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்த்திசு இருக்கிறது. பல் கழலும்போது இது கிழிந்து, ஒரு பகுதி குழியிலும் மறுபகுதி வேரிலும் தங்கிவிடும். வேரில் தங்கிய செல்கள் உயிரோடு இருந்தால், குழிக்குள் திரும்ப வைத்ததும் இரு பக்கமும் மறுபடி பிணையும். காற்றில் உலர்ந்தால் 15 நிமிடத்துக்குள்ளேயே இவை சாகத் தொடங்கும். ஒரு மணி நேரம் உலர்ந்தபின் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது.

முதலில் பல்லை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள். மயக்கம், வாந்தி, நினைவுக் குழப்பம் இருந்தால் தலைக்காயம்தான் அவசரம். அப்போது வாயில் பல்லை வைக்கவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். பல் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது உள்ளே போயிருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆள் தெளிவாக இருந்தால் பல்லை எடுங்கள். வெள்ளையாகத் தெரியும் மேல்பகுதியை மட்டும் பிடிக்க வேண்டும், வேரில் விரல் படக்கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 10 விநாடி காட்டினால் போதும். சோப்பு, பிரஷ், துணி எதுவும் வேண்டாம். வழவழப்பான முகம் உதட்டுப் பக்கமும், குழிவான முகம் நாக்குப் பக்கமும் இருக்கும்படி திருப்பி, குழிக்குள் மெல்ல அழுத்துங்கள். பக்கத்துப் பற்களின் மட்டத்துக்கு வந்ததும், மடித்த கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லி நேராகப் பல் மருத்துவரிடம் போங்கள். பயம் வேண்டாம், நினைப்பதை விட எளிதாகவே உள்ளே போகும்.

குழிக்குள் வைக்கக் கை வரவில்லை என்றால் பல்லைப் பாலில் போடுங்கள். தெருமுனைக் கடையின் பாக்கெட் பாலே போதும், குளிர்ந்திருந்தால் இன்னும் நல்லது. பாலின் உப்பு அடர்த்தி நம் செல்களுக்குள் இருப்பதற்கு நெருக்கமானது, புளிப்பும் இல்லை. அதனால் செல்கள் ஊதுவதோ சுருங்குவதோ கிடையாது. வெறும் தண்ணீரில் உப்பு இல்லை. செல்கள் தண்ணீரை உறிஞ்சி ஊதி வெடிக்கும். மோரும் தயிரும் புளிப்பு, ஆகவே ஆகாது. பால் கிடைக்காவிட்டால் கிண்ணத்தில் எச்சில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம். பெரியவர்கள் கன்னத்துக்கு உட்புறம் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம், சிறுவர்கள் விழுங்கிவிடுவார்கள். எதுவுமே அகப்படாதபோது மட்டும் தண்ணீர், ஏனென்றால் உலர விடுவது அதைவிட மோசம்.

இத்தனையும் நிலைப்பல்லுக்குத்தான். பால்பல்லைத் திரும்ப வைக்கக்கூடாது, அடியில் வளரும் நிலைப்பல்லின் முளை கெடும். அதைப் பழைய வழக்கப்படி கூரையில் எறிந்துவிடலாம், ஆனால் குழந்தையைப் பல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். குழப்பம் வருவது 6, 7 வயதில். புதிதாக முளைத்த நிலைப்பல் பெரிதாக, சற்று மஞ்சளாக, ரம்பம் போன்ற விளிம்போடு இருக்கும். பால்பல் சிறியது, வெள்ளை வெளேரென்று இருக்கும்.

மருத்துவர் பல்லைப் பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் 2 வாரம் கட்டுவார். கம்பி கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும்; இறுகக் கட்டினால் வேர் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு கூடும். ஆன்டிபயாடிக் தருவார், டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் பார்ப்பார். வேரின் நுனி மூடிவிட்ட பல்லுக்கு அறுந்த ரத்தக்குழாய் மறுபடி ஒட்டாது. உள்ளே இறந்த சதையில் கிருமி சேர்ந்தால் வேரே கரையும். அதனால் அந்தச் சதையை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனல் சிகிச்சையை 2 வாரத்துக்குள் தொடங்கிவிடுவார்கள். நுனி இன்னும் திறந்திருக்கும் சிறுவர் பல்லில் ரத்த ஓட்டம் தானே திரும்பலாம் என்பதால் காத்திருந்து கவனிப்பார்கள்.

நேரம் கடந்துபோன பல்லையும் பெரும்பாலும் திரும்ப வைக்கத்தான் செய்கிறார்கள். சவ்வு செத்துவிட்டதால் எலும்பு வேரோடு நேரடியாக ஒட்டி, மெல்ல மெல்ல வேரை அரித்துத் தன் இடமாக்கிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பல்லைக் கருவியால் தட்டினால் உலோகத்தைத் தட்டியது போல ‘டங்’ என்று கேட்கும். வளரும் பிள்ளைக்கு மற்ற பற்கள் தாடையோடு இறங்கி வர, இது மட்டும் மேலேயே நின்று குட்டையாகத் தெரியும். ஆனாலும் சில ஆண்டுகளுக்கு இடத்தையும் எலும்பையும் காத்து வைக்கும். முதல் ஆண்டில் 2 வாரம், 4 வாரம், 3 மாதம், 6 மாதம், 12 மாதம் எனவும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது 5 ஆண்டுக்கும் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.