கிளியர் கோட்டில் தின்னரைக் கவனியுங்கள்

1/24 அளவு கார் மாடலில் பெயின்ட் அருமையாக வந்திருக்கும், டெகால் என்ற மெல்லிய ஒட்டுப்படமும் சுத்தமாக ஒட்டியிருக்கும். பளபளப்புக்காகக் கடைசியாக அடித்த, நிறமில்லாத கிளியர் கோட் மட்டும் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும். பழி, அதைத் தூவிய ஏர்பிரஷ் மேல் விழும். பெரும்பாலும் கோளாறு கிளியரும் தின்னரும் சேர்ந்த கலவையில்தான்.

பரப்பில் விழுந்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சமமாகப் பரவினால்தான் பளபளப்பு வரும். அதற்கு முன்பே தின்னர் ஆவியாகிவிட்டால் துளி துளியாகவே காய்ந்துவிடும். கலவை கெட்டியாக இருந்தாலும், ஏர்பிரஷைத் தள்ளிப் பிடித்தாலும் இதே கதிதான். டாமியா எக்ஸ்-22 என்ற அக்ரிலிக் கிளியர் ஒரு பங்குக்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் ஒரு பங்கு போதும். மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்-100 என்ற லாக்கர் (lacquer) வகைக் கிளியருக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். லெவலிங் தின்னரில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இருக்கிறது. மெதுவாகக் காய்வதால் பரவ அவகாசம் கிடைக்கும். ஏர்பிரஷுக்கு 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம் சரியாக இருக்கும்.

முதல் இரண்டு கோட்டையும் 12–15 செ.மீ. தள்ளி லேசாகத் தூவி, நடுவில் 10 நிமிடம் விடுங்கள். எடுத்த எடுப்பிலேயே நனைய அடித்தால் லாக்கர் தின்னர் டெகாலைக் கடித்துச் சுருக்கிவிடும். மூன்றாவதுதான் ஈரக் கோட். 6–8 செ.மீ. நெருங்கி, கை நிற்காமல் ஓட வேண்டும். பானெட்டில் விழும் டியூப் லைட்டின் பிம்பத்தையே பாருங்கள். முதலில் நொறுங்கித் தெரியும் அந்தக் கோடு, ஈரம் ஏற ஏற ஒன்றுசேர்ந்து நேர்க்கோடாகும். அந்த நொடியே நகர்ந்துவிடுங்கள். இன்னொரு தடவை போனால் கதவின் கீழ் விளிம்பில் வழிந்து நிற்கும்.

மழை நாளில் லாக்கர் கிளியர் வெள்ளைப் படலமாக மங்குவது உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்துவிடுகிறது. லேசாக மங்கியிருந்தால், காற்று உலர்ந்த நாளில் லெவலிங் தின்னரை மட்டும் மெல்லத் தூவினாலே தெளிந்துவிடும். டெகால் மேல் மட்டும் கை மிக லேசாக இருக்கட்டும். கம்ப்ரஸரின் ஈர வடிகட்டியில் தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

இதே தின்னர்தான் நுரையீரலுக்கும் போகிறது. என்95 மாஸ்க் துகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜும் துகள் ஃபில்டரும் சேர்ந்த, முகத்தில் இறுக்கமாக உட்காரும் மாஸ்க் தேவை. ஆவியை வெளியே தள்ள எக்ஸாஸ்டும் வேண்டும்.

இறுகவைக்கும் ஹார்டனரைத் தனியாகக் கலந்து அடிக்கும் 2கே யூரித்தேன் கிளியரை வீட்டில் அடிக்கவே வேண்டாம் என்பேன். கண்ணாடி மாதிரி மின்னும், உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். மாஸ்க் கசிகிறதா என்று அதன் வாசனையை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. உடம்பு ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு துளியளவு பட்டாலே ஆஸ்துமா கிளம்பும். வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று தரும் மாஸ்க்கும் முறையான ஸ்ப்ரே பூத்தும் உள்ளவர்களுக்கான சரக்கு அது.

மாஸ்க்கின் கார்ட்ரிட்ஜை மேசை மேல் திறந்து போட்டால், சும்மா கிடக்கும்போதே அறையிலுள்ள ஆவியை உறிஞ்சித் தீர்ந்துகொண்டிருக்கும். வேலை முடிந்த கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள்.