வால்வை மாற்றுவதற்கு முன்

போன மாதம் ஒருவர் 50 வாட் வால்வு கிட்டார் ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே பஞ்சு சுற்றிய ஆறு இஎல்34 வால்வுகள், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வுகள். "மூணு ஜோடி மாத்திட்டேன் சார். வீட்டுல அரை மணி நேரம் வாசிச்சா ஒண்ணுமில்ல. மேடையில ரெண்டு மணி நேரம் ஆனா ஒரு வால்வு மட்டும் செக்கச்செவேல்னு ஆயிடுது" என்றார். ஃப்யூஸ் அடிக்கடி போகிறதே என்று யாரோ அதைவிடப் பெரிய ஃப்யூஸைப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தாங்கும் அளவைக் கூட்டிவிட்டால் ஃப்யூஸுக்குப் பதிலாக ட்ரான்ஸ்ஃபார்மர்தான் எரியும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: சிவப்பது எந்தப் பக்கத்து வால்வு? கொஞ்சம் யோசித்துவிட்டு, எப்போதும் இடது பக்கம்தான் என்றார். மூன்று ஜோடி மாற்றியும் அதே சாக்கெட்டில்தான் சிவக்கிறது என்றால் வால்வு வெறும் புகார்க்காரன். குற்றவாளி வேறு எங்கோ இருக்கிறான். இரண்டு வால்வுகளையும் இடம் மாற்றிப் போட்டிருந்தாலே இது தெரிந்திருக்கும், காசும் மிஞ்சியிருக்கும்.

வீட்டிலேயே திறந்து பார்க்க நினைப்பவர்களுக்கு இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ப்ளக்கைப் பிடுங்கினால் மின்சாரம் போய்விட்டது என்று நம்பாதீர்கள். பவர் சப்ளையிலுள்ள பெரிய கண்டன்சர்கள் 450 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். 100 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 10 ஜூல். அது நெஞ்சுக்குக் குறுக்கே பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து 'டப்' சத்தம் கேட்பதெல்லாம் வேண்டாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக உறை போட்ட ஒயரில் பற்றவைத்து, ஒரு முனையைச் சேசிஸில், அதாவது ஆம்பின் உலோகச் சட்டத்தில், கிளிப் போட்டு, மறுமுனையைக் கண்டன்சரில் ஐந்தாறு வினாடி வைத்திருங்கள். அப்புறம் மீட்டரால் அளந்து, பூஜ்யம் என்று தெரிந்த பிறகே கை வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பில் அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டுக்குள் இருக்கட்டும். இதில் எதுவும் பழக்கமில்லை என்றால் பின்பக்கப் பலகையைக் கழற்றவே வேண்டாம்.

சரி, அந்த ஆம்புக்கு வருகிறேன். முதலில் ஒரிஜினல் அளவு ஃப்யூஸைப் போட்டு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் வைத்து ஓட்டினேன். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே நின்றால் உடனே நிறுத்திவிட வேண்டும். இங்கே மங்கியது. பிறகு பல்பை எடுத்துவிட்டு, பவர் வால்வு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, சாக்கெட்டின் 5-ஆம் காலை அளந்தேன். அதுதான் கிரிட், வால்வில் ஓடும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கால். அங்கே எப்போதும் நெகட்டிவ் வோல்ட்டேஜ் இருக்க வேண்டும், வால்வுக்கு அதுதான் கடிவாளம், அதற்குப் பெயர் பயாஸ். இரண்டு பக்கமும் மைனஸ் 40. எந்தக் குறையும் இல்லை!

இங்கேதான் பலர் "பயாஸ் நல்லா இருக்கு" என்று மூடிவிடுவார்கள். ஆனால் சூடானால்தானே கோளாறு வருகிறது? ஹேர் டிரையரை எடுத்து, கிரிட்டுக்கு முன்னால் இருக்கும் 0.022 மைக்ரோஃபாரட் கண்டன்சர்களின் மேல் மெதுவாக ஊதினேன். வலது பக்கம் அசையவில்லை. இடது பக்கம் மைனஸ் 39, 37, கடைசியில் 35.

அந்தக் கண்டன்சரின் ஒரு பக்கத்தில் முந்தைய வால்வின் பிளேட்டிலிருந்து (மின்னோட்டம் வந்து சேரும் தகடு) 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. சிக்னலை விட்டுவிட்டு அந்த டிசியைத் தடுப்பதுதான் அதன் வேலை. 10 மெகா ஓம் அளவுக்குக் கசிந்தாலே, 220 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் சுமார் 5 வோல்ட் ஏறிவிடும். கடிவாளம் 5 வோல்ட் தளர்ந்தால் 35 மில்லியாம்பில் ஓடிய வால்வு 60-ஐ நெருங்கும். 450 வோல்ட்டில் 60 மில்லியாம்ப் என்றால் 27 வாட். இஎல்34 பிளேட்டின் வரம்போ 25 வாட். சிவக்காமல் என்ன செய்யும்?

கழற்றிய கண்டன்சரை மல்டிமீட்டரில் வைத்தால் 0.022 என்று சமர்த்தாகக் காட்டியது. மீட்டருக்குள் இருப்பது 9 வோல்ட் பேட்டரி. 200 வோல்ட்டில் கசிவதை அது எப்படிக் கண்டுபிடிக்கும்?

புதிதாக 630 வோல்ட் தாங்கும் ஃபிலிம் கண்டன்சர்கள் இரண்டு போட்டேன். கெட்டது ஒன்றுதான், ஆனால் மற்றதும் அதே வயது. சிவந்த பக்கத்து ஸ்க்ரீன் (வால்வின் இரண்டாவது கிரிட்) ரெசிஸ்டரும் கருகியிருந்தது, அதையும் மாற்றினேன். இதை மறந்தால் அடுத்த மாதம் அதே ஆம்ப் திரும்பி வரும்.

எல்லாக் கோளாறும் சிவந்து காட்டாது. ஆம்ப் 'புட் புட்' என்று மோட்டார் படகு மாதிரி அடித்தால், ப்ரீ ஆம்ப் (கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும்) பகுதியின் சப்ளை கண்டன்சர்கள் காய்ந்துவிட்டனவா என்று பாருங்கள். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் மாற்றிய உடனே வீலென்று கத்தினால், பிளேட் ஒயர்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும். அவுட்புட்டிலிருந்து திரும்பி வந்து ஒலியை அடக்க வேண்டிய நெகட்டிவ் ஃபீட்பேக், அதைக் கூட்டும் பாசிட்டிவ் ஆகிவிட்டது. தட்டினால் 'டிங்' என்கிறதா? 12ஏஎக்ஸ்7-களை, அதாவது சின்ன ப்ரீ ஆம்ப் வால்வுகளை, பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வால்வு மேலேயே பழி போடலாம். காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தனக்குத்தானே ஊளையிடுவதும் உண்டு. சத்தம் கரகரக்கும், வால்வு காரணமில்லாமல் சூடாகும். அதை அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஸ்கோப்தான் காட்டும். பெரும்பாலும் யாராவது கிரிட் ஒயரைப் பிளேட் ஒயரோடு சேர்த்து அழகாகக் கட்டி வைத்திருப்பார்கள். அழகுக்குக் கொடுக்கும் விலை அது. எந்தச் சோதனை செய்தாலும் ஸ்பீக்கரோ அதற்குப் பதிலாக வைக்கும் டம்மி லோடோ (பெரிய ரெசிஸ்டர்) இல்லாமல் ஓட்டாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். இரண்டு பக்கமும் 35 மில்லியாம்ப், அசையவில்லை. பிஸ்கட் டப்பாவிலிருந்த ஆறில் நான்கு வால்வுகள் நன்றாகவே இருந்தன.

திருப்பிக் கொடுக்கும் முன் பவர் கார்டைப் பார்த்தேன். ப்ளக்கில் எர்த் பின் இல்லை, நறுக்கியிருந்தது. "ம்ம்ம்னு ஹம் சத்தம் வந்துச்சு சார், அதான்" என்றார். கிட்டாரின் கம்பிகள் கேபிள் வழியாக இந்தச் சேசிஸோடுதான் சேர்ந்திருக்கின்றன. உள்ளே ஒரு ஒயர் பிய்ந்து சேசிஸைத் தொட்டால் 230 வோல்ட் அவர் விரலுக்கு வரும். மறு கையோ உதடோ மைக்கில் இருக்கும். ஸ்காட்லாந்துக் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் ஸ்வான்ஸி மேடையில் மின்சாரம் தாக்கி இறந்தது எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதால்தான். ஆம்பைக் கொண்டு வந்தவரிடம் இதைச் சொன்னேன். புது கார்டு போட்டு, எர்த் பின்னுக்கும் சேசிஸுக்கும் இடையே மீட்டரை வைத்து அவர் கண்ணெதிரே அளந்து காட்டினேன். ஹம் இன்னமும் கொஞ்சம் இருந்தது. அது இரண்டு கருவிகளை வேறு வேறு பிளக் பாயின்ட்டில் சொருகியதால் வந்தது. ஒரே பலகையில் சொருகியதும் போய்விட்டது.