பெயர் அதே, ஆள் வேறு: புது விண்டோஸும் பழைய கோப்புகளும்

கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் மரம் விழுவதும் மின்சாரம் போவதும் சேர்ந்தே நடக்கும். விண்டோஸ் தன் முக்கியமான கோப்பு எதையாவது எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கணினி அணைந்தால், மறுநாள் அது திறக்காமலே போகலாம். சரிசெய்ய முடியாவிட்டால் விண்டோஸை மறுபடி போட வேண்டியதுதான். பழைய ஹார்டு டிஸ்க்கில் எல்லாம் பத்திரமாக இருக்கிறதே, காப்பி செய்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி.

விண்டோஸ் உங்களைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. யூசர் கணக்கு ஒன்றைத் தொடங்கும்போதே அதற்கு எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீண்ட எண் ஒன்றைக் கொடுத்துவிடுகிறது. எஸ்ஐடி என்பார்கள். அதன் நடுவே அந்தக் கணினிக்கென்று உருவான மூன்று பெரிய எண்கள், கடைசியில் கணக்கின் வரிசை எண். ஒரு கோப்பு யாருடையது, யார் திறக்கலாம் என்பதெல்லாம் இந்த எண்ணின் பேரில்தான் டிஸ்க்கில் பதிவாகிறது. ஒரே பெயரில் ஊரில் இரண்டு பேர் இருந்தால் விஏஓ பட்டா எண்ணைப் பார்ப்பது மாதிரி. விண்டோஸை மறுபடி நிறுவும்போது நடு எண்கள் மாறிவிடும். அதனால் புதிய கணக்குக்கும் 'செல்வி' என்றே பெயர் வைத்தாலும் அவர் வேறு ஆள். பழைய ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வரும். அதன் பாதுகாப்புப் பக்கத்தைப் பாருங்கள்: 'தெரியாத கணக்கு' என்று போட்டு, பக்கத்தில் அந்தப் பழைய எண் அப்படியே இருக்கும். அட்மின் கணக்கில் நுழைந்து உரிமையை எடுத்துக்கொண்டால் கோப்புகள் திறந்துவிடும்.

அதற்காகப் பழைய யூசர் ஃபோல்டரை முழுசாகத் தூக்கிப் புதியதன் மேல் போடக் கூடாது. அதற்குள் என்டியூசர்.டேட் என்று மறைந்திருக்கும் கோப்பு, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் உங்கள் பங்கு. அதன் உள்ளேயும் அனுமதிகள் பழைய எண்ணின் பேரில்தான் இருக்கின்றன. புதிய கணக்கில் ஒருமுறை நுழைந்து வெளியே வந்தால் புதிய ஃபோல்டர் உருவாகியிருக்கும். அப்புறம் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் என்று உள்ளே இருப்பவற்றை மட்டும் கொண்டுவாருங்கள்.

சாஃப்ட்வேர்களை இப்படிக் கொண்டுவர முடியாது. நிறுவும்போதே அவை ரெஜிஸ்ட்ரியிலும் விண்டோஸின் வேறு ஃபோல்டர்களிலும் பரவிவிடுகின்றன. மறுபடி நிறுவுவதே வழி.

பாஸ்வேர்டு விஷயத்தில் இரண்டு பிரவுசர்கள் இரண்டு விதம். குரோம் தன் பாஸ்வேர்டுகளைப் பூட்டும் சாவியை விண்டோஸ் கணக்கோடு கட்டிவைக்கிறது. ஃபோல்டரைக் காப்பி செய்தால் புக்மார்க் வரும், பாஸ்வேர்டு வராது. கூகுள் கணக்கில் சேமித்திருந்தால்தான் திரும்பக் கிடைக்கும். ஃபயர்ஃபாக்ஸ் சாவியையும் தன் ஃபோல்டரிலேயே வைத்திருப்பதால், அந்த ஃபோல்டர் முழுவதும் வந்தால் பாஸ்வேர்டுகளும் வந்துவிடும்.

நம் அலுவலகங்களில் அதிகம் விட்டுப்போவது எழுத்துருதான். தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை போடும் விவசாயிகளின் பெயர்ப் பட்டியல் எக்செலில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கும். பாமினி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அல்ல. 'தமிழ்' என்று நாம் அடித்தாலும் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. அரைப்புள்ளிதான் அங்கே மெய்யின் புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் பட்டியல் முழுக்க ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அழித்துவிடாதீர்கள், ஒரு எழுத்தும் போகவில்லை.

அந்த எழுத்துரு டாக்குமெண்ட்ஸில் இருக்காது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸில் தேட வேண்டும். விண்டோஸ் 10-இல் ஒரு யூசருக்கு மட்டும் என்று நிறுவியிருந்தால், அவருடைய ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். இரண்டையும் பாருங்கள். ஃபார்மேட் செய்யாமல் அதே டிஸ்க்கில் நிறுவியிருந்தால் இவையெல்லாம் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டருக்குள் போயிருக்கும். சில நாட்கள் கழித்து விண்டோஸே அதை அழித்துவிடலாம் என்பதால், நிறுவிய அன்றே அதைத் திறந்து வேண்டியதை வெளியே எடுத்து வையுங்கள்.