ஓடாத சைக்கிளைவிட நிற்காத சைக்கிள்தான் ஆபத்து

காற்று நிற்கவில்லை, செயின் கழன்றுகொண்டே இருக்கிறது, பெடல் ஆடுகிறது. தருமபுரிப் பக்கம் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சைக்கிள் பட்டறைக்கு வரும் வண்டிகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒரு புகாரோடுதான் வரும். பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் அபூர்வம். செருப்புக் காலைத் தரையில் தேய்த்து நிறுத்தியே பழகியிருப்பார்கள். சமதரையில் அது எப்படியோ ஓடிவிடும். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்திலோ, வத்தல்மலைச் சாலையிலோ, தொப்பூர்க் கணவாயிலோ, அஞ்செட்டிப் பக்கத்து வளைவுகளிலோ காலைத் தேய்த்து வண்டியை நிறுத்த முடியாது.

அதனால் எந்தப் புகாரோடு வந்தாலும் முதலில் பிரேக்கைப் பாருங்கள் என்பதுதான் புதிதாகச் சேரும் தன்னார்வலர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம். பஞ்சர் ஒட்டி, செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கைத் தொடாமல் அனுப்பினால், மெதுவாகப் போய்க்கொண்டிருந்த வண்டியை வேகமாகப் போகவைத்துவிட்டோம் என்று அர்த்தம்.

சோதிக்க அரை நிமிடம் போதும். முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. வண்டியின் பின்பக்கம் மேலே எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின் சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். லீவரை முழுதாக அழுத்திய நிலையிலும் அதற்கும் கைப்பிடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். ஒயர் பிரேக் என்றால் லீவருக்குள் இருக்கும் ஒயரின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் ஒயரை மாற்றிவிடுங்கள். மீதி இழைகளும் அதே இடத்தில்தான் தேய்ந்திருக்கும். அவை ஓங்கிப் பிடிக்கிற நேரத்தில்தான் அறும்.

பிரேக் கட்டையில் உள்ள பள்ளக்கோடுகள் தேய்ந்து மறைந்திருந்தால் கட்டையின் ஆயுள் முடிந்தது. புதுக் கட்டை போடும்போது நடக்கும் தவறு ஒன்று உண்டு. கட்டையைப் பிடிக்கும் தகட்டு உறையின் ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் திறந்தும் இருக்கும். ரிம் ஓடும் திசையில் மூடிய பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால், பலமாகப் பிடிக்கும்போது ரப்பர் உறையிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்துவிடும். கட்டைக்கும் ரிம்முக்கும் இருபுறமும் 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். அவ்வளவு நெருக்கமாக வைத்தால் உரசுகிறது என்றால் சக்கரத்தில் கோட்டம் இருக்கிறது. கோட்டம் எடுக்காமல் கட்டையைத் தள்ளிவைப்பது தீர்வாகாது.

கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று பிரேக்குக்கு எண்ணெய் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். எண்ணெய் பட்ட ரிம்மைச் சோப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்தால் சரியாகிவிடும். எண்ணெய் ஊறிய ரப்பர் கட்டை சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். இன்னொன்றையும் ஓட்டுபவரிடம் சொல்லி அனுப்புங்கள்: பளபளக்கும் இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பது வெகுவாகக் குறையும். இறக்கத்தில் வேகம் எடுத்த பிறகு பிடிப்பதைவிட, இறக்கம் தொடங்குமுன்பே லேசாகப் பிடித்து ரிம்மின் ஈரத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

இனி பஞ்சருக்கு வருவோம். இந்த மண்ணில் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் இல்லாத பாதை குறைவு. ஆனால் காற்று இறங்கியதெல்லாம் பஞ்சர் ஆகாது. ராத்திரி காற்றடித்து வைத்தால் காலையில் தொய்ந்திருக்கிறது என்கிறார்களா? டியூபைக் கழற்றும் முன்பு வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். முட்டை விட்டால் கோளாறு வால் டியூபில். அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். பழையதை உருவிவிட்டு, புதியதை நனைத்து, வால்வில் உள்ள பக்கத் துளையை முழுதாக மூடும்படி ஏற்றுங்கள். பஞ்சர் என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இதோடு திரும்பிவிடும்.

வால்வு சரியாக இருந்தால் மட்டும் டயரைக் கழற்றுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பாதீர்கள், முள் போட்ட ஓட்டைக்குப் பக்கத்தில் நீங்கள் இன்னொன்று போட்டுவிடுவீர்கள். டயர் லீவர் இரண்டு போதும். டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டையைக் கண்டதும் ஒட்டத் தொடங்காமல், அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் இருந்தால் முள். உள்பக்கம், அதாவது ரிம் பக்கம் இருந்தால் ஸ்போக்ஸ் கம்பியின் முனை குத்தியிருக்கிறது. ரிம் பட்டை நகர்ந்திருக்கும் அல்லது கிழிந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல்கள் இருந்தால் முள்ளே கிடையாது. காற்று குறைவாக இருந்தபோது கல்லில் ஏறியதால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. காரணம் தெரியாமல் ஒட்டினால் அதே வண்டி அடுத்த வாரம் அதே இடத்தில் பஞ்சராகி வரும்.

முள் என்றால் வால்வை அடையாளமாக வைத்து, டியூபை டயரோடு பொருத்திப் பார்த்து, டயரில் அந்த இடத்தைத் தேடுங்கள். அதன் பிறகும் டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பருத்தித் துணியை ஓடவிடுங்கள். நுனி எங்காவது மாட்டினால் அங்கே இன்னொரு முள் ஒடிந்து நிற்கிறது. கருவேல முள்ளின் நுனி வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. வெறும் விரலால் தடவினால் நகக்கண்ணில் ஏறிவிடும்.

ஒட்டும் வேலையில் பொறுமைதான் பாதி. ஓட்டையைச் சுற்றி, ஒட்டுத் துண்டைவிடப் பெரிய வட்டமாக, உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். தூசியைத் துடைத்து, சொல்யூஷனை மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருக்க வேண்டும். விரலின் பின்புறத்தால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. அப்போதுதான் ஒட்டுத் துண்டை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். ஒட்டு பிரிந்து வரும் வண்டிகளில் பெரும்பாலும் சொல்யூஷன் ஈரமாக இருந்தபோதே ஒட்டியிருப்பார்கள். ஈரப் படலத்துக்குள் மாட்டிய கரைப்பான் வெளியேற வழியின்றி, ஒட்டை வெயில் சூட்டில் மேலே தூக்கிவிடும்.

டயர், டியூப் வாங்கப் போகும்போது "26 இஞ்ச்" என்று மட்டும் சொன்னால் ஏமாறுவீர்கள். 26 × 1⅜ என்ற டயரும் 26 × 1.95 என்ற டயரும் ஒரே ரிம்மில் ஏறாது. முதலாவதன் ரிம் அளவு 590 மில்லிமீட்டர், இரண்டாவதன் அளவு 559. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு போங்கள். பெரிய ஆள் ஓட்டும் கனமான வண்டிகளில் 28 × 1½ இருக்கும். அதன் ரிம் 635. காற்றழுத்தமும் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். கேரியரில் தீவன மூட்டையோ பால் கேனோ ஏற்றுகிறவர்கள் பின் சக்கரத்தில் அந்த அளவின் மேல் வரம்பை ஒட்டி அடித்துக்கொள்வது நல்லது.

செயினுக்குப் பாடம் சின்னது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். நாளாக நாளாகப் பிசினாக இறுகி, செம்மண் தூசியும் கிருஷ்ணகிரிப் பக்கம் கல்குவாரிப் பொடியும் அதில் படிந்து, செயினை அரைத்துத் தள்ளிவிடும். மெக்கானிக் கடையில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலும் வேண்டாம், இரும்புத் துகள் அதில் கலந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு, பெடலைப் பின்னால் சுற்றி, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்.

செயின் கழல்கிறது என்றால் முதலில் தேய்மானத்தை அளக்க வேண்டும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 இஞ்ச் இருக்கும். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை அளக்கும்போது அது 12⅛ ஆகிவிட்டால் இழுத்துக் கட்டுவதில் பயனில்லை, மாற்ற வேண்டும். தேயாத செயின் என்றால் பின் சக்கரத்தைப் பின்னால் தள்ளி இறுக்குங்கள். நடுவில் விரலால் அமுக்கினால் அரை இஞ்ச் அளவுக்கு மேலும் கீழும் போக வேண்டும். செயின்வீல் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்) சரியான வட்டமாக இருப்பது அபூர்வம் என்பதால், பெடலை மெதுவாகச் சுற்றி எங்கே மிக இறுக்கமாக வருகிறதோ அந்த இடத்தில் அளக்க வேண்டும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் செயின் லாக்கின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

பெடல் கழற்றத் தெரியாமல், பெடல் மாட்டியிருக்கும் கிராங்கையே கெடுத்துவிடுவது நிறைய நடக்கிறது. இடது பெடலுக்குத் திருகு மறை தலைகீழ். ஸ்பேனரை மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, வண்டியின் பின்பக்கமாகத் தள்ளுங்கள். இரண்டு பெடலும் அப்படித்தான் கழலும். பழைய மாடல் வண்டிகளில் கிராங்கைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்தால் ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒரு ஆட்டம் தெரியும். நட்டை மட்டும் முறுக்கி இறுக்க நினைத்தால் மறை போய்விடும். கிராங்குக்கு அடியில் கனமான இரும்பு ஒன்றை முட்டுக்கொடுத்து, பின்னைச் சுத்தியலால் அடித்து இறக்கி, அதற்குப் பிறகுதான் நட்டைப் பிடிக்க வேண்டும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி அத்தனையும் கிராங்க் அச்சு சுற்றும் பி.பி. கப்பில் உள்ள பேரிங் குண்டுகளுக்குப் போகும். இரண்டு பக்கப் பின்னும் எதிரெதிர்த் திசையில் இறங்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பெடலும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

கையிருப்பில் கால் இஞ்ச் குண்டும் 3/16 குண்டும் எப்போதும் இருக்கட்டும். பொதுவாகப் பின் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுக்குடம்) கால் இஞ்ச் குண்டு பக்கத்துக்கு 9, முன் ஹப்புக்கு 3/16 பக்கத்துக்கு 10. பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். தேய்ந்த குண்டு சின்னதாக இருப்பதால் பாரம் முழுக்கப் புதியவற்றின் மேல் விழும். பின் சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலுக்குள் கிரீஸ் வைக்கக் கூடாது, உள்ளே இருக்கும் பல் ஒட்டிக்கொண்டு பெடல் வெறுமனே சுற்றும்.

அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 11ஆம் வகுப்பில் கொடுக்கும் விலையில்லா சைக்கிள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்தப் புது சைக்கிளும் ஓட ஓட ஸ்போக்ஸ் கம்பிகள் தளரும், நட்டுகள் இளகும். முதல் மாதத்துக்குள் ஒருமுறை எல்லா நட்டையும் பிடித்து, கோட்டம் பார்த்துவிட்டால் அது நெடுநாள் உழைக்கும். பார்க்காமல் விட்டால் ஒரு கம்பி அறும், பக்கத்துக் கம்பிகள் பாரம் தாங்காமல் அடுத்தடுத்து அறும், பிறகு வண்டி மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்ந்துவிடும். பள்ளி வளாகத்திலேயே ஒரு சனிக்கிழமை ஸ்பேனரோடு போய் உட்கார்ந்தால் நிறைய வண்டிகளைக் காப்பாற்றலாம்.

அங்கே பிள்ளைகளிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். புத்தகப் பையை ஹேண்டில்பாரில் மாட்டாமல் கேரியரில் கட்ட வேண்டும். துப்பட்டாவை முன்னால் முடிந்துகொள்ள வேண்டும். தம்பி தங்கையைக் கேரியரில் உட்காரவைத்தால் கால் வைக்கக் கட்டையும் சக்கரத்தை மறைக்கும் வலையும் இருக்க வேண்டும். சுற்றும் கம்பிக்குள் குழந்தையின் குதிகால் மாட்டினால் தோலும் சதையும் உரிந்து வந்துவிடும், எலும்பும் முறியலாம். சேலைக்காக விற்கும் வலைத்தட்டு இதற்கும் உதவும்.

பட்டறை நடத்துவதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பேனரை வண்டிக்காரர் கையில் கொடுங்கள். தன்னார்வலர் பக்கத்தில் நின்று சொல்லித்தரட்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் பஞ்சர் ஒட்ட வரும். உதிரிபாகத்தை வாங்கிய விலைக்கே கொடுங்கள்; இலவசமாகக் கொடுத்தால் கையிருப்பு சீக்கிரம் தீரும், பட்டறை நின்றுவிடும். ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அண்ணனின் பிழைப்பில் கை வைக்காதீர்கள். வெல்டிங், புது ரிம் கோப்பது, ஃப்ரீவீல் மாற்றுவது போன்ற வேலைகளை அவரிடமே அனுப்புங்கள், பாகங்களையும் அவரிடமே வாங்குங்கள். அப்படிப் பழகினால் தெரியாத வேலைக்கு யோசனை சொல்ல அவரே வந்து நிற்பார்.

சில வண்டிகளைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் வெடிப்பு, ஹேண்டில் கம்பி நுழையும் இடத்துக்குக் கீழே பெயிண்ட் சுருக்கம் விழுந்த வளைவு, ஒருமுறை வெல்டிங் வைத்து மறுபடி விரிசல் விட்ட ஃப்ரேம் இவை மூன்றும் ஒட்டுப்போடும் வேலையல்ல. முன்பாகம் ஓட்டத்தில் ஒடிந்தால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். கெஞ்சினாலும் பெடல் மாட்டிக் கொடுக்காதீர்கள். சக்கரம், செயின், கேரியரைக் கழற்றி வைத்துக்கொண்டு, நல்ல ஃப்ரேம் கிடைத்ததும் சேர்த்துக் கொடுக்கலாம்.

வண்டியைக் கையில் கொடுக்குமுன் ஹேண்டிலை முன் சக்கரத்தோடு முழங்காலுக்கு நடுவே பிடித்துத் திருகிப் பாருங்கள், சீட்டைப் பக்கவாட்டில் அசையுங்கள், இரண்டு அச்சு நட்டையும் மறுபடி பிடியுங்கள், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இல்லையென்றால் ஒன்று மாட்டுங்கள். ஹேண்டிலில் ஒரு அட்டை கட்டி, என்ன மாற்றினீர்கள், என்ன பாக்கி, தேதி என்ன என்று எழுதுங்கள். புது பிரேக் ஒயர் போட்டிருந்தால் அது இழுபட்டுத் தளரும்; இரண்டு வாரம் கழித்து இறுக்கிக்கொள்ள வரவேண்டிய தேதியையும் அதே அட்டையில் எழுதிவிடுங்கள்.