லாகின் தனித்தனி, டெம்ப் மட்டும் பொதுவா?

ஒரே லினக்ஸ் சர்வரில் ஏகப்பட்ட பேருக்கு லாகின் கொடுத்திருப்பார்கள். ஆளுக்கொரு பாஸ்வேர்ட், ஆளுக்கொரு ஹோம் ஃபோல்டர். "அவரவர் ஃபைல் அவரவரிடம்தானே சார் இருக்கு, இதில் என்ன பிரச்சினை?" என்றுதான் ஆய்வுக்கூடங்களில் கேட்பார்கள். வாயால் விளக்கினால் எடுபடாது. சாதாரணப் பயனர் ஒருவரின் லாகினில் உட்கார்ந்து, நிரல்கள் தற்காலிக ஃபைல்களைப் போட்டு வைக்கும் டெம்ப் (/tmp) ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று அவர்கள் கண்ணெதிரே பட்டியல் எடுத்துக் காட்டுவேன்.

பட்டியலில் வலது ஓரம் ஃபைல் பெயர்கள், அதற்கு முன்னால் யாருடையது என்ற பெயர், இடது ஓரம் அனுமதி எழுத்துகள். நேர்காணல் மதிப்பெண் என்று பெயர் வைத்த ஒரு ஃபைல் கிடக்கும். பாதியில் நின்றுபோன டேட்டாபேஸ் நகல் ஒன்று கிடக்கும். இரண்டிலும் 'மற்றவர்கள் படிக்கலாம்' என்ற எழுத்து பளிச்சென்று இருக்கும். யாரும் எதையும் உடைக்கவில்லை, பாஸ்வேர்ட் திருடவில்லை. திறந்தால் திறக்கிறது, அவ்வளவுதான்.

டெம்ப் எல்லோருக்கும் பொது இடம். அங்கே இருக்கும் ஒரே காவல், ஃபோல்டரின் மீது வைக்கும் ஸ்டிக்கி பிட் என்ற அனுமதிக் குறி. 1986-ல் வந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸில் ஃபோல்டர்களுக்கு இந்தப் பொருளில் வந்தது. ஒருவரின் ஃபைலை இன்னொருவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ விடாது. படிப்பதைத் தடுப்பது அதன் வேலையே இல்லை. படிக்கலாமா கூடாதா என்பது அந்தந்த ஃபைலின் அனுமதியைப் பொறுத்தது. யுமாஸ்க் (புதிய ஃபைலுக்கு எந்த அனுமதிகளைக் கொடுக்கக்கூடாது என்று சொல்லும் எண்) 022 என்று இருக்கும் கணினியில் சாதாரணமாக உருவாகும் ஃபைலை எல்லோரும் படிக்கலாம். அனுமதியைச் சரியாக வைத்தாலும் பெயர் தெரியும், அளவு தெரியும், எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்பதும் தெரியும். சில இடங்களில் பெயரே போதும்.

இன்னொரு தொல்லை அடிக்கடி வரும். ஒரு குழுவில் எல்லோரும் ஒரே பைத்தான் ஸ்கிரிப்ட்டை ஓட்டுவார்கள். அது டெம்பில் 'அவுட்புட்' என்று மாறாத பெயரில் ஒரு ஃபைல் எழுதும். காலையில் முதலாமவர் ஓட்டினார், வேலை முடிந்தது. மதியம் இரண்டாமவர் ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்'. அதுவாவது பரவாயில்லை, பிழை கண்ணுக்குத் தெரிகிறது. 'ஃபைல் ஏற்கனவே இருந்தால் அதையே எடுத்துக்கொள்' என்று எழுதிய ஸ்கிரிப்ட் என்றால், இரண்டாமவர் முதலாமவரின் தரவை வைத்து வரைபடம் போட்டு, அதை வழிகாட்டியிடமே கொண்டுபோய்க் கொடுப்பார்.

கெட்ட எண்ணம் உள்ளவருக்கு இந்த மாறாத பெயரே வசதி. அதே பெயரில் முன்கூட்டியே ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) போட்டு வைத்தால், அடுத்தவரின் நிரல் அதன் வழியாகப் போய் வேறொரு ஃபைலை எழுதிக் கெடுக்கும். 2012-ல் வந்த லினக்ஸின் 3.6 கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இதற்கு ஒரு தடுப்பு சேர்த்தார்கள். 4.19-ல் இன்னும் ஒன்று வந்தது: டெம்ப் போன்ற இடங்களில் அடுத்தவர் போட்டு வைத்த ஃபைலின் மீது தெரியாமல் போய் எழுதுவதைத் தடுப்பது. முழு அதிகாரம் உள்ள ரூட் பயனராக இருந்தும் டெம்பில் உள்ள ஒரு ஃபைலில் எழுத முடியவில்லை என்று குழம்புகிறவர்கள் இதைத்தான் சந்திக்கிறார்கள். இரண்டும் நல்ல தடுப்புகள்தான். ஆனால் எட்டிப் பார்ப்பதை இரண்டுமே தடுக்காது.

ஆளுக்கொரு டெம்ப் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலி பெரும்பாலும் தீர்ந்தது. லினக்ஸில் இதற்கான வசதி ரொம்ப நாளாகவே இருக்கிறது. ஒவ்வொரு செஷனுக்கும் ஃபோல்டர்களை வேறு வேறாகக் காட்டும் மவுன்ட் நேம்ஸ்பேஸ் என்பது 2002-ல் 2.4.19 கெர்னலிலேயே வந்துவிட்டது. அதன் மேல் ஏறி நிற்பதுதான், லினக்ஸில் லாகினைக் கவனிக்கும் பாம் (PAM) அமைப்பின் பாம் நேம்ஸ்பேஸ் மாட்யூல். நீங்கள் லாகின் செய்யும் நேரத்தில் உங்கள் செஷனுக்கு மட்டும் டெம்ப் என்ற பெயரின் மேல் வேறொரு ஃபோல்டரைப் பொருத்திவிடும். நிரல்களுக்கு ஒன்றும் தெரியாது, வழக்கம்போல டெம்பில் எழுதிக்கொண்டிருக்கும். முருகன் பார்க்கும் டெம்ப் வேறு, மேரி பார்க்கும் டெம்ப் வேறு.

அமைப்பது ஒரே வரி வேலை. எந்த ஃபோல்டரைப் பிரிக்க வேண்டும், தனி நகல்கள் எங்கே இருக்க வேண்டும், எதை வைத்துப் பிரிக்க வேண்டும், யாருக்கு விலக்கு என்று நான்கு விஷயம் அந்த வரியில் இருக்கும். ரூட்டுக்குக் கட்டாயம் விலக்கு கொடுங்கள். நகல்கள் இருக்கும் தாய் ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாகவும் அதன் அனுமதி 000 ஆகவும் (யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை) இருக்க வேண்டும். இல்லையென்றால் மாட்யூல் ஒத்துக்கொள்ளாது. ஃபெடோரா, ரெட்ஹேட் வகையில் எஸ்எஸ்ஹெச் வழி வரும் தொலைதூர லாகினுக்கு இந்த மாட்யூல் ஏற்கனவே இணைக்கப்பட்டிருக்கும். எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு ஓடினால் அதற்குரிய பூலியனையும் (ஆன்/ஆஃப் அமைப்பு) ஆன் செய்ய வேண்டும். உபுண்டுவில் பாம் அமைப்பில் நாமே சேர்க்க வேண்டும். அப்புறம், டெம்பை மட்டும் பிரித்துவிட்டு நிறுத்தாதீர்கள். வார் ஃபோல்டருக்குள் இன்னொரு டெம்ப் இருக்கிறது, அதுவும் பொது இடம்தான்.

எதை வைத்துப் பிரிப்பது என்பதில் என் கருத்து: பயனர் பெயரை வைத்துப் பிரியுங்கள். செஷனுக்கு ஒன்று என்று பிரித்து, வெளியேறும்போது அழிக்கும் முறையும் உண்டு. கேட்க அழகாக இருக்கும். ஆனால் வெளியேறிய பிறகும் வேலையை ஓடவிடும் டிமக்ஸ் பயன்படுத்துபவர்கள் சண்டைக்கு வருவார்கள். டிமக்ஸோடு மறுபடி இணைய உதவும் சாக்கெட் ஃபைல் டெம்பில்தான் இருக்கிறது. மாலையில் ஒரு வேலையை ஓடவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி லாகின் செய்தால், அந்தச் செஷனின் டெம்பே வேறு. பழைய டிமக்ஸைப் பிடிக்க முடியாது.

இதை வைத்த முதல் வாரம் கேள்விகள் குவியும். "சூடோ போட்டு ரூட் ஆனேன், அப்பவும் என் டெம்ப்தான் தெரியுது." ஆமாம், ரூட் அதிகாரம் வாங்கித் தரும் சூடோ கட்டளையின் பாம் அமைப்பில் இந்த மாட்யூல் இல்லையென்றால், ரூட் ஷெல்லும் நீங்கள் இருந்த நேம்ஸ்பேஸுக்குள்ளேயே பிறக்கும். "கிரான் எழுதின ஃபைலைக் காணோம்." குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் வேறு வாசல் வழியாக வருகிறது. அங்கே மாட்யூல் போடவில்லை என்றால் அது பொது டெம்பில் எழுதியிருக்கும். திரை வைத்த கணினி என்றால், திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ்11-ன் சாக்கெட்டும் மறையும். தனி டெம்ப் அமையும்போது ஓடும் இனிட் ஸ்கிரிப்ட்டில் அதற்கு வழி செய்யலாம். இதையெல்லாம் முன்பே ஒரு மெயிலில் சொல்லிவிட்டால் பாதி போன் குறையும்.

நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே இந்தப் பிரிப்பு நடக்கும் இடமும் உண்டு. லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சேவைகளுக்குத் தனி டெம்ப் கொடுக்கும் அமைப்பு இருக்கிறது. ரெட்ஹேட் 7 முதல் அப்பாச்சி வெப் சர்வருக்கு அது ஆன் ஆகியே வருகிறது. வெப் பக்கத்தின் பிஎச்பி நிரல் டெம்பில் எழுதிய ஃபைலைத் தேடி அலைந்தவர்களுக்கு விடை இதுதான். பல கணினிகளை இணைத்த கிளஸ்டர் வைத்திருப்பவர்கள், வேலைகளைப் பங்கிடும் ஸ்லர்மில் ஒவ்வொரு ஜாபுக்கும் தனி டெம்ப் தரும் பிளகினைப் பார்க்கலாம். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் ஒவ்வொரு செஷனுக்கும் எண் போட்ட தனி டெம்ப் உண்டு, வெளியேறினால் அது அழியும். அதில் வேலையைச் சேமித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் சொல்லி வையுங்கள்.

டெம்பைப் பிரிப்பதற்கு முன் ஹோம் ஃபோல்டரின் அனுமதியையும் பாருங்கள். உபுண்டு 21.04-ல்தான் புதிய பயனரின் ஹோம் 750 (மற்றவர்களுக்கு அனுமதி இல்லை) ஆனது. அதற்கு முன் 755. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம். பழைய சர்வரை அப்கிரேட் செய்து வந்திருந்தால், ஏற்கனவே இருந்த ஹோம்கள் பழையபடி திறந்தே இருக்கும்.

பாம் நேம்ஸ்பேஸிலேயே ஓட்டைகள் வந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025-ல் சிவிஇ-2025-6020 என்ற பாதுகாப்புக் குறை எண்ணோடு வெளியானது அப்படிப்பட்டது. பயனரின் கட்டுப்பாட்டில் உள்ள பாதையைப் பிரிக்கச் சொல்லியிருந்தால், சிம்லிங்க் வித்தையால் அவர் ரூட் ஆகிவிட முடியும். லினக்ஸ்-பாம் 1.7.1-ல் சரி செய்தார்கள். உங்கள் லினக்ஸ் விநியோகம் (உபுண்டு, ரெட்ஹேட் போன்றவை) பழைய பதிப்பிலேயே திருத்தம் கொடுத்திருக்கலாம், பாருங்கள். பயனர் எழுதக்கூடிய ஹோம் போன்ற பாதைகளைப் பிரிக்க வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது எப்படியும் நல்லது.

கடைசியாகச் சுத்தம் செய்யும் வேலை. பொது டெம்பில் பழைய ஃபைல்களைச் சிஸ்டம்டி தானாகக் கூட்டித் தள்ளும். தனி நகல்களுக்காக நீங்கள் புதிதாக உருவாக்கிய தாய் ஃபோல்டரை அது அறியாது. அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும். முன்பு டெம்ப் ரேமில் இருந்து, ஒவ்வொரு ரீபூட்டிலும் காலியாகிக்கொண்டிருந்த கணினி என்றால் இன்னும் கவனம். இப்போது எல்லாம் டிஸ்க்கில் சேர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று போன் வந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.